ஆவ் மாதத்து ஒன்பது நாள்: கறி இல்லாத சாப்பாட்டில் நடக்கும் தவறுகள்

எருசலேமில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் வந்த முதல் வருஷம். ஜூலையில் ஒருநாள் வீட்டு மருமகள் அடுப்படிக்கு வந்து, "இன்று சாயங்காலத்திலிருந்து ஒன்பது நாள் கறி கிடையாது" என்றார். எனக்குப் புரட்டாசி ஞாபகம் வந்தது. ஒன்பது நாள் சைவம்தானே, நமக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டேன். நான் செய்த முதல் தவறே அந்த நினைப்புத்தான்.

இது சைவ விரதம் இல்லை, துக்கம். எருசலேம் ஆலயத்தை கி.மு. 586-ல் பாபிலோனியரும் கி.பி. 70-ல் ரோமானியரும் அழித்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து யூதர்கள் துக்கம் காக்கும் நாள் அவர்கள் நாட்காட்டியில் ஆவ் மாதம் ஒன்பதாம் தேதி, திஷா பாவ். அன்று தண்ணீர்கூட இல்லாமல் ஏறக்குறைய 25 மணி நேரம் நோன்பு. ஆவ் பிறந்துவிட்டால் மகிழ்ச்சியைக் குறைக்க வேண்டும் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. ஆனால் அது கறியையும் மதுவையும் விலக்கியது நோன்புக்கு முந்தைய கடைசி வேளைக்கு மட்டும்தான். ஒன்பது நாள் என்று நீண்டது பிற்கால வழக்கம். ஆலயத்தில் பலியும் மது வார்ப்பதும் நின்றுபோனதால் நம் இலையில் மட்டும் அவை எதற்கு என்பது அதன் கணக்கு. 2026-ல் ஜூலை 14 சாயங்காலம் ஆவ் பிறக்கிறது. ஜூலை 22 சாயங்காலம் தொடங்கும் நோன்பு 23 வியாழன் இரவு முடிகிறது.

'சைவம்' என்ற சொல்லை மனசில் வைத்துச் சமைத்தால் இரண்டு பக்கமும் தப்பும். மீன் தாராளமாக ஆகும், முட்டையும் ஆகும். கோழி ஆகவே ஆகாது. கோழி வேகவைத்த தண்ணீரும் ஆகாது. இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்று: டப்பாவில் கோழிப் படம் போட்ட சூப் பொடியைப் பார்த்துப் பதறி ஒளித்துவைத்தேன். இங்கே விற்கும் அப்படிப்பட்ட பல பொடிகளில் 'பார்வே' என்று அச்சிட்டிருக்கும். கறியும் இல்லை, பாலும் இல்லை என்று பொருள். படத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். திராட்சைச் சாறும் மதுவோடு சேர்த்திதான். பீர் அப்படி இல்லை.

விருந்தாளி வருகிறார் என்றால் அவர் எந்த வழக்கத்துக்காரர் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசிகள் முதல் தேதியிலிருந்தே நிறுத்துவார்கள். ஸ்பெயின் வழி வந்த செபார்டி வீடுகளில் பலர் இரண்டாம் தேதியிலிருந்து, சிலர் நோன்பு விழும் வாரத்தில் மட்டும். ஏமனிலிருந்து வந்தவர்களில் பழைய வழக்கத்தை வைத்திருப்பவர்களுக்குக் கடைசி வேளை மட்டும்தான். செபார்டிகள் பலர் மீனையும் பாலையும் ஒன்றாகச் சேர்ப்பதில்லை. ஆகவே டூனா போட்ட சீஸ் பாஸ்தா எல்லாருக்கும் பொதுவான சாப்பாடு என்று எண்ணிவிடாதீர்கள்.

நான் ரொம்பவும் மாட்டிக்கொண்டது பாத்திரத்தில். கோஷர், அதாவது யூத உணவுச் சட்டம் காக்கும் வீட்டில் கறியும் பாலும் சேரக்கூடாது; அதனால் கறிக்கு ஒரு செட், பாலுக்கு ஒரு செட். எங்கள் வீட்டில் பெரிய பாத்திரங்கள் எல்லாம் கறிப் பக்கம். பால் பக்கம் இருப்பது காலை ஆம்லெட்டுக்கான தவாவும் பால் காய்ச்சும் சின்னப் பாத்திரமும்தான். வருஷம் முழுக்க அது போதும். இந்த ஒன்பது நாளில் பன்னிரண்டு பேர் சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் இடிக்கும்.

அன்றைக்கு முஜத்தரா செய்தேன். தோல் உரிக்காத மைசூர் பருப்பும் அரிசியும் சேர்த்து வேகவைத்து, மேலே வெங்காயத்தைக் கரு மொறுமொறுவென்று வறுத்துக் கொட்டுவது. தயிர் ஊற்றிச் சாப்பிட்டால் தனி ருசி. மேஜையில் தயிர்க் கிண்ணத்தை வைத்த கையோடு மருமகள் கேட்டார்: "வெங்காயத்தை எந்தக் கத்தியில் நறுக்கினாய்?" சிவப்புப் பிடி. கறிக் கத்தி. வெங்காயம், பூண்டு, முள்ளங்கி மாதிரி நெடியுள்ளவை கத்தியிலிருந்து கறியின் சாரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் சட்டம்; கத்தியைத் தேய்த்துக் கழுவியிருந்தாலும் அப்படித்தான். முஜத்தரா மேஜையில் இருந்தது, தயிர் ஃப்ரிட்ஜுக்குத் திரும்பிப் போனது. பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அதற்குப் பிறகு ஒரு முறை வைத்துக்கொண்டேன். கூட்டம் அதிகமான நாளில் பார்வே சாப்பாடு: பெரிய கறிப் பாத்திரத்திலேயே பருப்போ, தக்காளியில் கொதித்த மீனோ. மேஜையில் வெண்ணெய், சீஸ், தயிர் எதுவும் வராது. ஆள் குறைவான நாளில் பால் சாப்பாடு. ஆவ் பிறப்பதற்கு முன்னால் பாலுக்கென்று நீலப் பிடிக் கத்தி ஒன்றும் பெரிய பேக்கிங் தட்டு ஒன்றும் வாங்கிவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

இரண்டாம் வருஷம் செய்த தவறு வேறு மாதிரி. கறி இல்லாத குறை தெரியக்கூடாது என்று பாலைத் திரித்துப் பனீர் எடுத்து, வெண்ணெய் மிதக்கக் குழம்பு வைத்து, முந்திரிச் சாதம், பாயசம் என்று அசத்தினேன். எல்லாரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். பாட்டி மட்டும் தட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்றார். கறி ஒரு துண்டுகூட இல்லை, சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் சாவு வீட்டில் வடை பாயசத்தோடு பந்தி போட்ட மாதிரி ஆகிவிட்டது. சால்மனும் மூன்று வகைச் சீஸும் அடுக்குவது இங்கேயும் நடக்கிற கூத்துதான்; சாதாரண வாரத்தைவிடச் செலவு கூடிவிடுகிறது. மிஷ்னாவுக்கு விளக்கமாக வந்த தல்மூத்தின் ஒரு பகுதியைப் படித்து முடித்தால் அதற்கான விருந்தில் கறிக்கு அனுமதி உண்டு. நிஜமாகவே படித்து முடித்தவருக்கு அது சரி. கறி தின்பதற்கென்றே அந்த நாளைத் தேடி வைப்பதை பாட்டிக்குப் பிடிக்காது, எனக்கும்தான்.

மைசூர் பருப்பை இந்த வாரத்துக்குப் பொருத்தமென்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அந்தப் பருப்புக்கு வாய் மாதிரிப் பிளவு கிடையாது, துக்கத்தில் இருப்பவனுக்கும் வாய் இல்லை என்று தல்மூத்தில் வருகிறது. கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் இந்த நோன்பையே 'பிர்டியாச்சா ரோஜா' என்றார்கள். பிர்டா என்பது முளைகட்டிய மொச்சையில் வைக்கும் குழம்பு. இதைப் பாட்டியிடம் சொல்லி ஒருநாள் மொச்சைக் குழம்பு வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

நடுவில் ஷப்பாத், அதாவது வெள்ளி மாலை தொடங்கும் வார ஓய்வு நாள் வரும். அன்று துக்கம் இல்லை. கறியும் மதுவும் உண்டு. 2026-ல் அது ஜூலை 17 வெள்ளி மாலையும் 18-ம். இங்கே கவனம் வேண்டியது அளவில்தான். மிஞ்சிய கோழியை ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ரொட்டியில் வைத்துக் கொடுக்க முடியாது, ஃப்ரீசரில்தான் கிடக்கும். அதனால் எப்போதும் செய்வதில் முக்கால் பங்கு போதும். இன்னொன்று: பார்மசான் போல நாள்பட்ட கெட்டிச் சீஸ் சாப்பிட்டால் அஷ்கெனாசிகள் பலர் கறிக்கு ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள். வெள்ளி பிற்பகலில் தாமதமாக அதைத் துருவிப் போட்டுவிட்டால் ராத்திரிக் கோழியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நோன்புக்கு முந்தின நாள் கடைசி வேளை என்பது ரொட்டியும் சாம்பலில் தொட்ட அவித்த முட்டையும். தரையில் அல்லது தாழ்ந்த மணையில் உட்கார்ந்து தனித்தனியாகச் சாப்பிடுவார்கள். அந்த வேளையில் மீனும் கிடையாது. இதுவே ராத்திரிச் சாப்பாடு என்று நான் முதல் வருஷம் வேறெதுவும் செய்யாமல் விட்டேன். பேரப்பிள்ளைகள் பசியோடு நோன்புக்குப் போனார்கள். வயிறு நிறையச் சாப்பிட வேண்டிய சாப்பாடு நாலு மணிக்கே முடிய வேண்டும். உப்பும் காரமும் குறைவாக, தண்ணீர் நிறைய. காபிப் பழக்கம் உள்ளவர்கள் இரண்டு மூன்று நாள் முன்னாலிருந்தே குறைத்தால் தலைவலி மிஞ்சாது. நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மாருக்கு கறியிலும் நோன்பிலும் சலுகை உண்டு. அதைத் தீர்மானிப்பது அவர்களுடைய மதகுருவான ரப்பியும் டாக்டரும், சமையல்காரி இல்லை.

நோன்பு முடிந்த ராத்திரி கறி ஆக்கலாம் என்று நினைப்பதுதான் கடைசித் தவறு. ஆலயம் பத்தாம் தேதியும் எரிந்துகொண்டிருந்தது என்பதால் அஷ்கெனாசி வீடுகளில் மறுநாள் நடுப்பகல் வரை கறி இல்லை. செபார்டிகளில் பலருக்கு அன்று முழுக்க இல்லை. ஜூலை 23 ராத்திரிக்கு ரொட்டி, முட்டை, தக்காளிச் சூப் போதும். மறுநாள் வெள்ளி, சாயங்காலம் ஷப்பாத். கோழியைக் காலையிலேயே அடுப்பில் ஏற்றலாம், சமைக்கத் தடை இல்லை. எருசலேமில் அன்று நடுப்பகல் ஏறக்குறைய பன்னிரண்டே முக்காலுக்கு. உப்பு சரியா என்று கரண்டியை வாயில் வைப்பது அதற்கப்புறம்.