திரையில் தெரிவது வேறு, கோப்பில் இருப்பது வேறு

அப்பா பல வருடங்களுக்கு முன் கணினியில் அடித்து வைத்திருந்த நினைவுக் குறிப்புகளைப் போன மாதம் திறந்தேன். தமிழ் ஓர் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளுமாக இருந்தது. வைரஸ் தின்றுவிட்டதோ என்று அம்மாவுக்குப் பயம். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா எழுதியது பாமினி எழுத்துருவில். திரையில் 'ம்' தெரிந்தால், கோப்புக்குள் இருப்பது ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான்; எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் கட்டிவிடுகிறது. புதுக் கணினியில் பாமினி இல்லை, வேஷம் கலைந்துவிட்டது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றும் நிரல் ஒன்றில் போட்டதும் அப்பா திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் 'ஃபைல் திறக்கலை' பஞ்சாயத்துகள் எல்லாம் என்னிடம்தான் வரும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இதே கதைதான். திரையில் நன்றாகத் தெரிந்தது, ஆகவே உள்ளேயும் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பியிருப்பார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது சுலபம். இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸின் ஓடிடி (.odt) கோப்பையோ மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) கோப்பையோ பிரதி எடுத்து, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். இரண்டுமே சுருக்கிக் கட்டிய பொட்டலங்கள். எழுதிய வாக்கியங்கள் எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு உரைக் கோப்பு ஒன்றில், பாணிகள் (ஸ்டைல்கள்) இன்னொன்றில், படங்கள் தனி அடைவில் இருக்கும். ஆனால் இந்த வேலை எட்டிப் பார்க்க மட்டும்தான். ஓடிடி என்ற வாலை வெட்டி டாக்எக்ஸ் என்று ஒட்டிவிட்டு 'மாத்திட்டேன்' என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெயர்ப்பலகையை மாற்றுவது. உள்ளே எதுவும் மாறவில்லை. மென்பொருளில் திறந்து, வேறு வடிவத்தில் சேமித்தால்தான் மாற்றம்.

டாக்எக்ஸ் ஒரு நிறுவனம் தனக்கென்று பூட்டி வைத்திருக்கும் மூடிய வடிவம் என்று நானும் ஒரு காலத்தில் சண்டை போட்டிருக்கிறேன். அது தப்பு. ஓடிடியின் பின்னால் இருக்கும் ஓடிஎஃப் 2006இல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரமானது. டாக்எக்ஸின் பின்னால் இருக்கும் ஓஓஎக்ஸ்எம்எல் 2008இல். வித்தியாசம் சுமையில் இருக்கிறது. பின்னதன் ஆவணம் ஏறக்குறைய 6,000 பக்கம். பழைய வழக்கங்கள் பலவற்றையும் அது தூக்கிக்கொண்டு வருகிறது. 1900ஆம் ஆண்டைத் தவறாக லீப் ஆண்டாக எண்ணும், லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளின் பிழைகூட எக்செல் வழியாக அந்தத் தரத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இத்தனையையும் இன்னொரு மென்பொருள் அச்சு அசலாகச் செய்துகாட்ட வேண்டும் என்பது பெரிய எதிர்பார்ப்பு. அதனால் ஒரே ஆவணத்தை இரண்டு வடிவங்களுக்கிடையே பந்தாடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று உதிரும். ஒன்றை மூலமாக வைத்துக்கொண்டு அதிலேயே திருத்துங்கள். மற்றது வேண்டுமென்றால் கடைசியில் ஒருமுறை ஏற்றுமதி செய்தால் போதும்.

லிப்ரே ஆஃபிஸில் திறந்தால் பக்கமெல்லாம் குலைந்துவிடுகிறது என்ற புகாரில் பல சமயம் குற்றவாளி எழுத்துருதான். வேர்டு ஆவணங்களில் அடிக்கடி வரும் கலிப்ரி எழுத்துரு இல்லாத கணினியில் வேறொன்று வந்து நிற்கும். எழுத்தின் அகலம் மாறும், வரி உடையும், அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போகும். கலிப்ரியின் அதே அகலங்களோடு செய்யப்பட்ட கார்லிட்டோவை நிறுவினாலே இது பெருமளவு அடங்கிவிடும்.

இனி என்னை உண்மையிலேயே எரிச்சல்படுத்தும் தவறு: எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிவிட்டு அதைத் தலைப்பு என்று நினைப்பது. கண்ணுக்குத் தலைப்பு, எக்ஸ்எம்எல்லில் பார்த்தால் அதுவும் சாதாரணப் பத்திதான், கொஞ்சம் தடித்த பத்தி. பொருளடக்கத்தைத் தானாக உருவாக்கச் சொன்னால் வெறும் பக்கம்தான் வரும். பார்வையற்றவர் திரைவாசிப்பான் கொண்டு தலைப்பு தலைப்பாகத் தாவவும் முடியாது. இடைவெளிப் பட்டையை இருபது முறை தட்டி நடுவில் கொண்டுவருவதும், புதுப் பக்கத்துக்குப் போக என்டரை அமுக்கிக்கொண்டே இருப்பதும் இதே வகை. பாணிகள் என்ற பட்டியல் அங்கேயே இருக்கிறது. 'தலைப்பு 1' என்பதைத் தேர்ந்தெடுக்க இரண்டு சொடுக்கு போதும். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வயதாகிவிட்டது.

பிடிஎஃப் விஷயத்துக்கு வருவோம். அனுப்புவதற்கு நல்லது, அதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். தமிழ் பிடிஎஃப் பலவற்றில் ஒரு பத்தியைப் பிரதி எடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். பக்கத்தில் எழுத்து வடிவங்கள் வரையப்படும் வரிசைதான் அதில் முக்கியம். யூனிகோடு வரிசை பல சமயம் தொலைந்துபோகிறது. அதே காரணத்தால் தேடலும் வேலை செய்யாது. லிப்ரே ஆஃபிஸில் ஏற்றுமதி செய்யும்போது கலப்பு பிடிஎஃப் என்றொரு தேர்வு உண்டு. ஓடிஎஃப் மூலத்தையும் பிடிஎஃப்புக்குள்ளேயே வைத்துவிடும். பலருக்கு இது தெரியாது.

இன்னொன்று. ரகசிய எண்ணின் மேல் கறுப்புப் பட்டையை வரைந்துவிட்டு பிடிஎஃப் ஆக்குவது மறைப்பது ஆகாது. பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும். பிரதி எடுத்து ஒட்டினால் வெளியே வந்துவிடும். முதலில் எழுத்தை அழியுங்கள், அப்புறம் பட்டை போடுங்கள்.

எக்செல் போன்ற விரிதாள்களில் ஏமாற்றம் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே மென்பொருளே கை வைக்கிறது. தொலைபேசி எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். 16 இலக்க எண்ணை எண்ணாகவே உள்ளிட்டால் எக்செல் 15 இலக்கத்தைத்தான் நினைவில் வைக்கும். கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். மார்ச் 1, செப்ட் 1 போன்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. மென்பொருளுக்கு மனிதர்கள் வளைந்துகொடுத்தார்கள்! அதே வருடம் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கோவிட் தொற்றுகள் கணக்கில் சேராமல் தாமதமாயின. எக்செல்லின் பழைய வடிவமான எக்ஸ்எல்எஸ் தாளில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை, மீதி சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை அட்டவணை) இருமுறை சொடுக்கித் திறக்காமல், இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து, அடையாள எண்கள் உள்ள நெடுவரிசைகளை 'உரை' என்று குறித்துவிடுங்கள். குறிமுறை யூனிகோடின் யூடிஎஃப்-8 என்று சொல்லவும் மறக்காதீர்கள், இல்லையென்றால் தமிழ்ப் பெயர்கள் குப்பையாகும்.

கோப்புப் பெயரில் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' வேண்டாம். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போட்டால் தானாக அடுக்கிக்கொள்ளும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஓடிஎஃப்பின் கடவுச்சொல்லைத் தொலைத்தால் என்னிடம் வராதீர்கள், என்னாலும் முடியாது.

அப்பாவின் குறிப்புகளை ஓடிடியாகவும், கலப்பு பிடிஎஃப்பாகவும், வெறும் உரைக் கோப்பாகவும் மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். பாமினி மூலத்தையும் அழிக்கவில்லை. நான்காம் பக்கத்தில் ஒரு சொல் மட்டும் பொருந்தாமல் நிற்கிறது. அது மாற்றியின் தவறா, அப்பாவின் விரல் தவறா என்று தெரியவில்லை. திருத்தாமல் விட்டுவிட்டேன்.