சிறிய சரக்கு விமான நிறுவனத்தில் சேருமுன்

வயற்காணியை ஈடுவைத்தாவது பிள்ளையை இரத்மலானை விமானப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி விமானியாக்க நினைக்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடும்பங்களுக்கு இந்தக் குறிப்பு.

வர்த்தக விமானி உரிமம் கிடைக்கும்போது கையில் ஏறத்தாழ 200 மணிநேரப் பறப்புதான் இருக்கும். பெரிய விமானங்களில் தலைமை விமானி ஆவதற்கான உயர் உரிமத்துக்கு 1,500 மணி வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப, வெளிநாட்டுச் சிறிய சரக்கு நிறுவனங்கள் நல்ல வழி. சரக்கு பெரும்பாலும் இரவில் போகும். அந்த உயர் உரிமத்துக்குத் தேவையான 100 மணி இரவுப் பறப்பும் அங்கே சேர்ந்துவிடும்.

ஆனால் சம்பளத்துக்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: என் பறப்புப் பதிவேட்டில் அந்த மணிகள் எப்படி ஏறும்? உதாரணமாக, செஸ்னா கரவான் என்ற சிறிய விமானம் ஒரே விமானியோடு பறக்கச் சான்று பெற்றது. அதன் வலப்பக்க இருக்கையில் துணை விமானியாக மாதக்கணக்கில் அமர்ந்தாலும், அந்த நேரம் முழுமையாகக் கணக்கில் வராமல் போகலாம். கையொப்பமிடுமுன் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பயிற்சிச் செலவுக்கு ஈடாகக் குறித்த காலம் வேலை செய்வேன், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று எழுதிக்கொடுக்கும் பிணை ஒப்பந்தத்தில், நிறுவனம் மூடப்பட்டால் கடன் யார் தலையில் விழும் என்பதைத் தேடிப் படியுங்கள்.

அங்கிருந்து விலகிய விமானிகள் இருவரிடமாவது பேசுங்கள். வானிலை சரியில்லை, பாரம் கூடிவிட்டது என்று இளம் விமானி பறக்க மறுத்தால் அங்கே என்ன நடக்கும்? பதில் சொல்லத் தயங்கினால் அந்த வேலை வேண்டாம்.