பாடக்குறிப்பில் பிள்ளைகளின் பதிலையும் நீங்களே எழுதிவிடாதீர்கள்

ஒவ்வோர் ஆண்டும் எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பள்ளிகளுக்கு பி.எட். மாணவ ஆசிரியர்கள் வருகிறார்கள். சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம் என்று எந்த ஊரில் போய்ப் பார்த்தாலும் அவர்கள் கையிலிருக்கும் பாடக்குறிப்பு நோட்டு ஒன்றுபோலவே இருக்கிறது. நாங்கள் பயிற்சிக்குப் போன காலத்தில் எழுதியதும் கிட்டத்தட்ட இதேதான். 2015-இலிருந்து பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. பள்ளியில் இருக்க வேண்டிய காலமும் மொத்தம் 20 வாரமாகிவிட்டது. நல்ல அவகாசம். அதைப் பழைய பிழைகளிலேயே செலவழிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தேதி போட மறப்பது, கரும்பலகையில் எழுத்து கோணுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடலாம்.

கலைத்திட்ட வகைகளைப் பரீட்சையோடு விட்டுவிடுவது

பாட மையம், குழந்தை மையம், செயல் மையம், சுழல் முறை, மறைமுகம் என்று கலைத்திட்டத்தின், அதாவது பிள்ளை எதை எப்படிப் படிக்க வேண்டும் என்ற திட்டத்தின், எல்லா வகைகளையும் தேர்வுக்குப் படித்திருப்பார்கள். பள்ளிக்குள் நுழைந்ததும் பாடநூலைத் திறந்து முதல் பத்தியிலிருந்து தொடங்கிவிடுவார்கள். பாடநூல் என்பது எழுதிவைத்த கலைத்திட்டத்தில் ஒரு பகுதி மட்டும்தான். வகுப்பில் நீங்கள் நடத்துவது ஒன்று, தேர்வில் கேட்பது ஒன்று, பிள்ளை மனதில் தங்குவது இன்னொன்று. இவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பார்க்கத்தான் அந்த வகைகளெல்லாம் உதவுகின்றன.

ஜெரோம் புரூனர் 1960-இல் முன்வைத்த சுழல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கருத்து வகுப்பு ஏற ஏற இன்னும் ஆழமாகத் திரும்ப வருவதுதான் அது. ஆவியாதல் கீழ் வகுப்பில் ஈரத்துணி காய்வதாக வரும். கொஞ்சம் மேலே போனால் கலவையைப் பிரிக்கும் வழியாக வரும். இன்னும் மேலே மூலக்கூறுகளின் இயக்கமாக வரும். அதனால் குறிப்பு எழுத உட்காரும் முன் கீழ் வகுப்புப் புத்தகத்தையும் மேல் வகுப்புப் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான். அதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

மறைமுகக் கலைத்திட்டம், அதாவது யாரும் பாடமாக நடத்தாமலே பிள்ளை பள்ளியில் படித்துக்கொள்வது, என்பதைப் பிலிப் ஜாக்சன் 1968-இல் எழுதினார். நம் பக்கத்தில் அது எப்படி இருக்கும் தெரியுமா? கருவாடு காயப்போடும் வீட்டுப் பிள்ளையை, வாடை அடிக்கிறது என்று கடைசி பெஞ்சுக்குப் போகச் சொல்வது. அன்றைக்கு அந்த வகுப்பு முழுவதும் படித்த பாடம் அதுதான், கரும்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. அப்புறம், சொல்லாமல் விடுவதும் ஒரு கலைத்திட்டம்தான் என்று எலியட் ஐஸ்னர் 1979-இல் சொன்னார். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் நம் கரைக்கு எதிரே கிடக்கின்றன. அந்தக் கடலில் பாசி எடுக்கப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். தாவரம் நடத்தும்போதும் கடல் நடத்தும்போதும் அந்தப் பாசி பேச்சிலேயே வராவிட்டால், அம்மாவுக்குத் தெரிந்தது படிப்பில் சேராது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

"மாணவர்கள் புரிந்துகொள்வர்"

பாடத்தின் நோக்கம் என்ற இடத்தில் இப்படித்தான் எழுதுகிறார்கள். புரிந்ததை எப்படிப் பார்ப்பீர்கள்? பிரித்துக் காட்டுவர், காரணம் சொல்வர், வரைந்து பெயர் குறிப்பர் என்று கண்ணுக்குத் தெரியும் செயலாக எழுதுங்கள். கற்றல் நோக்கங்களைப் படிநிலைகளாகப் பிரித்த புளூமின் 1956 வகைப்பாட்டை 2001-இல் திருத்தியவர்கள் படிநிலைகளின் பெயர்களையே வினைச்சொற்களாக மாற்றிவிட்டார்கள்.

இரவெல்லாம் சார்ட் வரைவது

வேண்டாம். தூங்கி எழுந்து தெளிவாக வாருங்கள்.

மாணவர் செயல்பாடு என்ற கட்டம்

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பாடக்குறிப்பில் ஆசிரியர் செயல்பாடு என்று ஒரு கட்டமும் பக்கத்தில் மாணவர் செயல்பாடு என்று ஒரு கட்டமும் இருக்கும். ஆசிரியர் பக்கம் நிரம்பி வழியும். மாணவர் பக்கத்தில் "கவனிக்கின்றனர்", "குறிப்பெடுக்கின்றனர்", கேள்வி வந்தால் "விடையளிக்கின்றனர்". சிலர் அந்த விடையையே எழுதிவைத்துவிடுவார்கள். இன்னும் நடக்காத வகுப்பில் இன்னும் பார்க்காத பிள்ளை சொல்லப்போகும் பதில், முந்தின நாள் இரவே நோட்டில் தயார்!

உப்பளத்தை ஒட்டிய ஒரு பள்ளியில் பார்த்தது இது. வாலிநோக்கம் பக்கம் மாநில அரசின் உப்பு நிறுவனத்துக்கே பெரிய உப்பளம் இருக்கிறது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் உப்பைப் பார்த்தே வளர்கிறவர்கள். கலவைகளைப் பிரித்தல் பாடம். பயிற்சிக்கு வந்த பெண் நன்றாகத் தயாரித்துத்தான் வந்திருந்தார். "கடல்நீரை வெயிலில் பாத்தி கட்டித் தேக்கினால் என்ன கிடைக்கும்?" என்று கேட்டார். நோட்டில் அதற்கு நேரே எழுதியிருந்த பதில், "உப்பு கிடைக்கும்."

மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "டீச்சர், தண்ணிய முழுசா வத்த விட மாட்டாக. உப்பு வெளஞ்சதும் மிச்சத் தண்ணியத் தொறந்து விட்டுருவாக. இல்லைன்னா உப்பு கசக்கும்."

அந்தப் பெண் நோட்டைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். "சரி, உட்கார். வேறு யாராவது?" பின்னால் ஒரு பையன் "உப்பு" என்றான். "வெரி குட்" என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போய்விட்டார்.

வகுப்பு முடிந்ததும் கேட்டேன். "ஏம்மா, அந்தப் பிள்ளை சொன்னது சரியா, தப்பா?"

"தெரியல சார். நோட்ஸ்ல இல்ல."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு, மீதியில் மெக்னீசியம், கால்சியம் உப்புகள் இருக்கின்றன. நீர் சுண்டச் சுண்ட முதலில் ஜிப்சம் போன்ற கால்சியம் உப்புகள் படியும், பிறகு சாப்பாட்டு உப்பு விளையும். மெக்னீசியம் உப்புகள் கடைசிவரை நீரிலேயே தங்கும், கசப்பு அவற்றால்தான். அதனால்தான் உப்பை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வடித்துவிடுகிறார்கள். ஒரே கரைசலிலிருந்து வெவ்வேறு பொருள்கள் வெவ்வேறு கட்டத்தில் பிரிகின்றன என்ற பெரிய பாடத்தை, அப்பாவோடு உப்பளத்துக்குப் போய்வந்த பிள்ளை மூன்று வாக்கியத்தில் கொண்டுவந்து வைத்தாள். "சரி, உட்கார்" என்ற பிறகு அந்த வகுப்பில் அவள் கை தூக்கவே இல்லை.

பதில் தெரியாமல் போனதில் குற்றமில்லை. "எனக்குத் தெரியலையே, இன்னும் கொஞ்சம் சொல்லு" என்று கேட்டிருந்தால் போதும். அப்படிக் கேட்க அந்தக் குறிப்பில் இடமே வைக்கவில்லை. பதிலை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால் காது அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருக்கும், மற்றதெல்லாம் இடைஞ்சலாகத் தெரியும்.

சரி, அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? முக்கியமான ஒரு கேள்விக்காவது பிள்ளைகள் சொல்லக்கூடிய மூன்று நான்கு பதில்களை யோசித்து எழுதுங்கள்: சரியானது, பாதி சரியானது, தவறானது. ஒவ்வொன்றுக்கும் நேரே அடுத்து நீங்கள் செய்யப்போவதை எழுதுங்கள். தவறான பதிலுக்குத்தான் அதிக நேரம் செலவாகும், ஆகட்டும். அதே உப்பளக் கேள்விக்கு "உப்பும் தண்ணியோட சேர்ந்து காத்துல போயிரும்" என்று ஒரு பிள்ளை சொல்லலாம். நம் கரையில் அப்படி நினைக்க நியாயம் இருக்கிறது. கடலோர வீடுகளில் ஜன்னல் கம்பி துருப்பிடித்து உதிர்வதற்கு உப்புக்காற்றைத்தானே சொல்கிறோம்? அலை உடைந்து தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று அள்ளி வருகிறது, அந்தத் துளிக்குள் உப்பு இருக்கிறது. ஆவியாகும்போது நீர் மட்டுமே பிரிந்து போகிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சின்னச் சட்டியும் தட்டும் போதும். சமையல் உப்பைக் கரைத்துக் கொதிக்க வைத்து, நீங்களே தட்டை மேலே பிடியுங்கள். தட்டில் திரளும் துளி ஆறியதும் பிள்ளைகள் நாக்கில் வைத்துப் பார்க்கட்டும். உப்புக் கரிக்காது. சட்டியை மட்டும் நிரப்பிவிடாதீர்கள். நீர் தெறித்துத் தட்டில் பட்டால் துளியும் கரிக்கும், பாடம் தலைகீழாகிவிடும்.

இப்படி எழுதினால் ஒரு பாடத்துக்கு இரண்டு பக்கம் கூடுதலாகும். ஆசிரியர் பக்கத்தில் பாடநூலை அப்படியே பெயர்த்து எழுதுவதை நிறுத்தினால் அந்த இரண்டு பக்கம் தானாகக் கிடைக்கும்.

ஊக்கமூட்டல் என்ற பெயரில் விடுகதை

"கடைக்கு எதற்குப் போவோம்? அங்கே என்ன வாங்குவோம்? அதை எதனால் அளப்பார்கள்?" என்று ஐந்து நிமிடம் சுற்றி, கடைசியில் "ஆகவே இன்று நாம் அளவைகள் படிக்கப் போகிறோம்." நேராகச் சொல்லிவிடுங்கள்.

ஜூன் மாதத்தில் பொருள் வாங்கி வரச் சொல்வது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த வருமானத்தை நம்பிய வீடுகளில் பள்ளி திறக்கும் நேரத்தில் கையில் காசு இருக்காது. செயல்திட்டம் என்று சொல்லிக் கலர் பேப்பர், தெர்மாகோல், ஸ்கெட்ச் பேனா கேட்டால் பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கு வராமல் இருந்துவிடும். சிப்பி, மணல், பழைய வலைத் துண்டு போதும். குறிப்பு எழுதும்போதே ஊர் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து வாங்கியதும் நோட்டை மூடிவிடுவது

ஒவ்வொரு பாடக்குறிப்பின் முடிவிலும் பத்து வரி காலியாக விடுங்கள். வகுப்பு முடிந்த உடனே, சாப்பாட்டு மணி அடிக்கும் முன், பிள்ளைகள் சொன்னதை அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள். எந்தக் கேள்விக்கு வகுப்பே அமைதியாகிவிட்டது, எங்கே நேரம் போதவில்லை என்பதையும் குறியுங்கள். அடுத்த பாடத்துக்கான முன்னறிவு வினாவை அந்தப் பத்து வரியிலிருந்து எடுங்கள்.