பிள்ளையைக் காணோமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

"ராத்திரி வரைக்கும் பார்ப்போம், வரலைன்னா காலையில ஸ்டேஷனுக்குப் போலாம்." பிள்ளையைக் காணாத வீட்டில் யாராவது ஒரு பெரியவர் இப்படிச் சொல்லிவிடுவார், 24 மணி நேரம் ஆனால்தான் போலீஸ் புகார் வாங்கும் என்று நம்பி எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது. பஸ் ஸ்டாண்டிலோ ரயில் நிலையத்திலோ பிள்ளையைப் பிடித்துவிடக்கூடிய நேரம் அந்த முதல் சில மணி நேரம்தான். அதைக் காத்திருந்தே கழித்துவிடாதீர்கள்.

அடுத்த தவறு ஸ்டேஷனில் நடக்கிறது. சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து "தேடுறோம், போங்க" என்பார்கள், நாமும் புகார் பதிவாகிவிட்டது என்று நினைத்து வந்துவிடுவோம். அது மனு வாங்கியதற்கான ரசீது மட்டுமே. 18 வயதுக்குக் கீழே உள்ள யாரைக் காணவில்லை என்றாலும், கடத்தலாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே 10 அன்றே உத்தரவிட்டிருக்கிறது. நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் வழக்கை ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பதெல்லாம் எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் நடக்கும். அதன் நகலை இலவசமாகவே தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். "எங்க லிமிட் இல்லை" என்றாலும் கிளம்பாதீர்கள். எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்பலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் இருக்கிறார். இதோடு குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

வயசுப் பொண்ணு என்றால் நிலைமை இன்னும் மோசம். மானம் போய்விடும் என்று வீட்டில் மறைப்பார்கள், "லவ் மேட்டரா இருக்கும்" என்று ஸ்டேஷனில் தள்ளிவிடுவார்கள். காதலாகவே இருக்கட்டும், 16 வயதுப் பெண்ணின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதம் ஆகாது, அவளைத் தேடுவது போலீஸின் கடமை. முதல் நாள் வீட்டில் நடந்த சண்டை, வாங்கிய அடி, போனில் பேசிக்கொண்டிருந்த ஆள், எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளை விட்டுப்போன போனை நீங்களே நோண்டி மெசேஜை அழித்துவிடாதீர்கள்.

போட்டோ விஷயத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய பள்ளிக்கூடப் படமும், ஃபில்டர் போட்ட செல்ஃபியும் அடையாளம் காட்டாது. சமீபத்தில் எடுத்த சாதாரணப் படம், காலையில் போட்டிருந்த உடையின் நிறம், செருப்பு, புருவத்துக்கு மேல் தழும்பு, திக்கிப் பேசுவது, இப்படி எழுதிக் கொடுங்கள். காணாமல் போன, மீட்கப்பட்ட குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் அரசின் மிஷன் வத்சல்யா இணையதளத்தில் ஏற்றப்படும் விவரமும் நீங்கள் சொல்வதை வைத்துத்தான். ஒரு காப்பகத்தில் பெயர் சொல்லத் தெரியாமல் இருக்கும் குழந்தையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க, அந்தத் தழும்பு ஒன்றே போதுமானதாக இருக்கலாம்.

சரி, தனியாக அழுதுகொண்டிருக்கும் குழந்தை நம் கண்ணில் பட்டால்? உடனே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் "அதிகம் பகிரவும்" போடுகிறோம். நல்ல மனசுதான், ஆனால் ஆபத்து: அந்தப் படத்தைப் பார்த்து எவன் வேண்டுமானாலும் "என் பிள்ளை" என்று வந்து நிற்கலாம். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றமும்கூட, ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். 1098-க்குச் சொல்லுங்கள். பாவம் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது, 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், இப்படிப்பட்ட குழந்தைகளை யாரிடம் விடுவது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் முன் அந்தக் குழந்தை போக வேண்டும்.

பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறான் என்ற ஃபார்வர்டை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். 2018 மே மாதம் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்தே கொல்லப்பட்டார்.

வழக்கில் சிக்கிய பையன் விஷயத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. 18 ஆகவில்லை என்றால் லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள், சிறுவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வயதை வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள், பள்ளிச் சான்றிதழை கையோடு கொண்டுபோங்கள்.

அப்புறம், காணாமல் போன பிள்ளை தானாகவே வீடு திரும்பினாலும் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோப்பு திறந்தே கிடக்கும். வந்த அன்றைக்கே அடிப்பது, சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து விசாரிப்பது வேண்டவே வேண்டாம். மறுபடியும் கிளம்பிவிட அதுவே காரணமாகிவிடும். தேடும்போது போட்ட பதிவுகளை நீக்குங்கள், பகிர்ந்தவர்களிடமும் நீக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போக வேண்டும்.