கனெக்டிங் ராட் போல்ட் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

இன்ஜினில் இருக்கும் போல்ட்டுகளிலேயே அதிகம் அடி வாங்குவது ராட் போல்ட்தான், அதாவது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிமுனையில் கேப்பை (ராடின் கழற்றக்கூடிய கீழ்ப்பாதியை) இறுக்கிப் பிடிக்கும் போல்ட். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் (எரிந்த வாயுவை வெளியே தள்ளும் கட்டம்) முடிவில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதைக் கீழே தள்ள எரிப்பு அழுத்தம் இருக்காது, அந்த வேகத்தில் போகிற பிஸ்டனை நிறுத்தித் திருப்பி இழுக்கிற முழுச் சுமையும் இந்த போல்ட்டுகள் மேல்தான் விழும். ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்கு.

கழற்றும் முன்பே ஒவ்வொரு ராடிலும் அதன் கேப்பிலும் சிலிண்டர் எண்ணைப் பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள். கேப் மாறவும் கூடாது, திரும்பவும் கூடாது. போல்ட் ராடோடு நீட்டிக்கொண்டு நிற்கிற வகை என்றால் அதன் மேல் ரப்பர் ஹோஸ் துண்டைச் செருகிவிட்டுப் பிஸ்டனைத் தள்ளுங்கள், கிராங்க் ஜர்னலில் (ராட் மாட்டியிருக்கும் வழவழப்பான பகுதியில்) ஒரு கீறல் விழுந்தாலும் வேலை இரட்டிப்பாகும்.

பலர் தாண்டிப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. வேறு வகை, அதாவது இன்னும் வலுவான போல்ட் போட்டால் கேப்பை அது இறுக்கும் விசையும் மாறும், பிக் எண்ட் துளை (ராடும் கேப்பும் சேர்ந்து கிராங்க்கைச் சுற்றி அமைக்கும் துளை) வட்டம் கெட்டுப்போகலாம். அதனால் ஷெல் (துளைக்குள் உட்காரும் பேரிங் தகடு) இல்லாமல் கேப்பை முழு டார்க்கில் (சொல்லப்பட்ட திருகு விசையில்) இறுக்கி, துளை விட்டத்தை அளக்கும் போர் கேஜால் இரண்டு மூன்று திசையில் அளந்து பாருங்கள். அளவு தவறினால் மெஷின் ஷாப்பில் ஹோன் செய்யாமல் (துளையைத் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவராமல்) மாட்டவே கூடாது. சம்ப்பை (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை) மட்டும் இறக்கி, வண்டிக்கு அடியில் படுத்தபடியே மாற்றிவிடலாம் என்கிற யோசனை எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

அப்புறம் இறுக்குவது. டார்க் ரெஞ்சில் நாம் போடும் பலத்தில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும், ஆகவே மரையிலும் தலைக்கு அடியிலும் எந்த லூப்ரிகன்ட் தடவ வேண்டும் என்று போல்ட் தயாரிப்பாளர் சொல்கிறாரோ அதையே தடவுங்கள், டார்க் அளவும் அதற்கேற்றதாக இருக்கட்டும். டார்க் வைத்துவிட்டு இத்தனை டிகிரி திருப்பு என்று மேனுவல் சொன்னால் அது பெரும்பாலும் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடிய போல்ட். பேரிங் கிளியரன்ஸ் (பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் இடையிலான இடைவெளி) பார்க்கும் ஒத்திகைக்குப் பழையதைப் பயன்படுத்தி, புதியதைக் கடைசியில் மட்டும் போடுங்கள். ஸ்ட்ரெச் அளவு (இறுக்கும்போது எவ்வளவு நீள வேண்டும் என்பது) கொடுத்திருக்கும் போல்ட் என்றால் மாட்டும் முன் நீளத்தை அளந்து குறித்து வையுங்கள். பின்னால் கழற்றும்போது 0.001 அங்குலம் நீண்டிருந்தாலே அது குப்பைக்குத்தான்.

ஒவ்வொரு ராடையும் இறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், திடீரென்று இறுக்கமாகத் தெரிந்தால் கடைசியாகப் போட்ட கேப்பைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.