டிக் அடித்த தாள் யாரையும் காப்பதில்லை: அறுவை சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபரேஷன் தியேட்டரில் செவிலியராக இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றவள் நான். கத்தி வழுக்கியதால் வந்த தீங்குகளை நான் அதிகம் பார்த்ததில்லை. பெயரைக் கேட்காமல் விட்டதால், ரத்தம் ஒற்றும் காஸ் துணியை எண்ணாமல் விட்டதால், நள்ளிரவில் நாடி பார்க்காமல் விட்டதால் வந்தவைதான் அதிகம். இவற்றைச் செய்யப் பெரிய செலவு கிடையாது. ஆனாலும் அவசரம் வந்தால் முதலில் விடுபடுபவை இவைதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சரிபார்ப்புப் பட்டியலைப் பேசாமலேயே நிரப்புவது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட பட்டியலில் 19 அம்சங்கள் உள்ளன. மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறும் முன் என மூன்று இடங்களில் எல்லோரும் நின்று சரிபார்க்க வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும் குறைந்திருந்தன. 2014-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து வந்த ஆய்வோ, 101 மருத்துவமனைகளில் பட்டியலைக் கொண்டுவந்த பிறகும் சொல்லத்தக்க மாற்றம் இல்லை என்றது. பட்டியலே வீண் என்று சிலர் முடிவுகட்டினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், அன்றைய நோயாளிகள் அத்தனை பேருக்கும் காலை எட்டு மணிக்கே பட்டியல் நிரம்பிவிடும். கையெழுத்தோடு கேஸ் ஷீட்டில் செருகியும் வைத்துவிடுவார்கள். நோயாளி அப்போது வார்டில்தான் படுத்திருப்பார். அந்தத் தாளால் யாருடைய உயிர் பிழைக்கும்?

ஒழுங்காகச் செய்தாலும் ஓரிரு நிமிடங்கள்தான் ஆகும். அந்த நேரத்தில் எல்லோருடைய கைகளும் நிற்க வேண்டும். ஒருவர் வாசிக்க, அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், செவிலியர் மூவரும் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். நோயாளியிடம் கேட்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. “நீங்கள்தானே முருகேசன்? இடது கால்தானே?” என்று கேட்டால், பயந்திருப்பவரும் காது மந்தமானவரும் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். “உங்கள் பெயர் என்ன? எந்தக் காலில் அறுவை?” என்று கேட்டு, அவரையே சொல்ல வைக்க வேண்டும். அவர் விழித்திருக்கும்போதே அந்த இடத்தில் பேனாவால் குறியிட வேண்டும்.

அடுத்தது, பணியில் இளையவர்கள் வாய் திறக்கத் தயங்கும் சூழல். ஒருமுறை வயிற்று அறுவை முடியும் தறுவாயில் காஸ் துணி ஒன்று குறைந்தது. எண்ணியவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன பெண். “உள்ளே ஒன்றும் இல்லை, சரியாக எண்ணும்மா” என்று மூத்த மருத்துவர் தையலுக்கு ஊசி கேட்டார். அவள் மறுபடி எண்ணினாள். மறுபடியும் ஒன்று குறைந்தது. “சார், மூட வேண்டாம்” என்றாள். குரல் நடுங்கியது. துணி கல்லீரலுக்கு அடியில் கிடைத்தது. அதன்பின் அந்த மருத்துவர், எண்ணிக்கை சரி என்ற குரல் கேட்காமல் ஊசியைக் கையில் வாங்கியதே இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் துணிச்சலை நம்பி ஒரு நோயாளியின் உயிர் இருக்கக் கூடாது. எண்ணிக்கை சேரவில்லை என்றால் தேடுவது, கிடைக்கவில்லை என்றால் எக்ஸ்ரே எடுப்பது என்பது, யார் கத்தியைப் பிடித்திருந்தாலும் மாறாத விதியாக இருக்க வேண்டும்.

பழக்கத்தால் தொடரும் சில தவறுகளும் உண்டு. முந்தைய நாளே பிளேடால் முடி மழிப்பது அவற்றில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியே கிருமி புகும். முடியை எடுத்தே ஆக வேண்டுமென்றால், மழிக்காமல் கத்தரிக்கும் கிளிப்பர் போதும். தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாடிக்கைத் தோலைக் கீறுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அறுவை முடிந்தபின் தடுப்புக்காக மட்டும் நாள்கணக்கில் அதைத் தொடர்வதால் பயன் இல்லை. “இரவு பத்துக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது” என்பதும் பழைய உத்தரவுதான். பெரும்பாலானவர்கள், திட்டமிட்ட அறுவைக்கு ஆறு மணி நேரம் முன்புவரை இலகுவான உணவும், இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீரும் எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மயக்க மருத்துவரிடம் கேளுங்கள். மாலை நான்கு மணிக்குத்தான் முறை வரும் என்று தெரிந்தும், ஒரு முதியவரை நாக்கு வறளக் கிடத்தி வைப்பது கொடுமை.

ஒப்புதல் படிவத்தை மடித்துப் பிடித்து, கீழே மட்டும் காட்டிக் கைநாட்டு வாங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பரிசோதனைக்காக மட்டும் ஒப்புதல் தந்து மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையை, அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி அகற்றிய வழக்கில், அது செல்லுபடியாகும் ஒப்புதல் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. உயிர் போகும் அவசரம் இருந்தால் வேறு. மற்றபடி, நினைவோடு இருக்கும் பெண்ணிடம் பேசாமல் கணவரிடமும் மகனிடமும் மட்டும் விளக்குவதை உடனே நிறுத்த வேண்டும்.

ஏழைகளுக்கு இவ்வளவு போதும் என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2014-ஆம் ஆண்டு பிலாஸ்பூர் சாட்சி. சத்தீஸ்கரில் உள்ள அந்த மாவட்டத்தில், ஒரு முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் முடிவுக்குக் கொண்டுவருமாறு உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. பணம் கட்டிய நோயாளிக்கு அந்த வேகத்தில் யாராவது அறுவை செய்யத் துணிவார்களா?

கடைசியாக, தையல் போட்டதும் வேலை முடிந்தது என்று எண்ணும் தவறு. ஆப்பிரிக்காவின் 25 நாடுகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் மறுநாளோ அதன் பிறகோதான் இறந்திருந்தார்கள். ஆபத்து வார்டில், பெரும்பாலும் இரவில், மெதுவாக வருகிறது. மூச்சு வேகமாகும், நாடி ஏறும், சிறுநீர் குறையும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பவும் கூடாது. கறுத்த தோலில் அது உள்ளதைவிட அதிகமாகக் காட்டக்கூடும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி காட்டத் தவறியது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவதற்கு ஈடு இல்லை.

நம் வார்டுகளில் இந்த வேலையில் பாதியை, கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் உறவினரே செய்கிறார். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. எதற்கெல்லாம் உடனே கூப்பிட வேண்டும் என்பதை ஐந்து வரித் தமிழில் எழுதி அவர் கையில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். உடன் இருக்க ஒருவரும் இல்லாத நோயாளிக்கு, செவிலியர் மேசைக்கு மிக அருகில் உள்ள கட்டிலைக் கொடுங்கள்.