பிட்சர் திசிலை மிதிக்காமல் பார்ப்பது எப்படி

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேட்டில் வளரும் பிட்சர் திசில் என்ற முட்செடியைப் பூவோடு பார்க்க வேண்டுமென்றால் ஜூலை முதல் பாதியில் போங்கள். காலையிலேயே போனால் மணல் சுடாது. லடிங்டன் மாநிலப் பூங்கா, அதற்கு வடக்கே ஸ்லீப்பிங் பேர் மணல்மேடுகள், எங்கே போனாலும் சரி.

மரநிழலில் தேட வேண்டாம். புல்லும் புதரும் மண்டி, மணல் அசையாமல் நின்றுபோன இடம் இதற்கு ஆகாது. காற்று மணலை வாரி இறைக்க வேண்டும், பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்க வேண்டும். எங்கள் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மாதிரி, அந்தச் சிவப்பு மட்டும் இல்லாமல்.

திசில் என்றதும் ஊதாப்பூவைத் தேடுவோம். பச்சை இலையும் பளீரென்ற ஊதாப்பூவுமாக நின்றால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த களை. இதுவோ தண்டு, இலை எல்லாம் விபூதி பூசினாற்போல வெளுத்திருக்கும். இலையை மெதுவாகத் தொட்டால் பஞ்சு, முள் நுனியில்தான். பூ பாலேட்டு நிறம், சிலதில் லேசான ரோஸ்.

பூத்த செடி தூரத்திலேயே தெரிந்துவிடும். பூக்காததில்தான் சிக்கல். முளைத்து 5 முதல் 8 வருஷம் வரை இலையை விரித்துத் தரையோடு தரையாகக் கிடக்கும். ஆணிவேர் 6 அடி வரைகூட இறங்கும். பிறகு ஒரே தடவை பூத்து, விதை உதிர்த்து, செத்துப்போகும். குறிஞ்சி மாதிரிதான், ஆனால் எல்லாம் சேர்ந்து பூக்காது, வருஷத்துக்குச் சிலது. முதல் தடவை போனபோது படம் எடுக்கப் பின்வாக்கில் நகர்ந்தேன். செருப்புக்கடியில் ஏதோ நறுக்கென்றது. உள்ளங்கை அகல இலைக்கொத்து, நடுக்குருத்து முறிந்து கிடந்தது. அது எத்தனை வருஷச் செடியோ! அதிலிருந்து, நின்ற இடத்தில் நின்று காலைச் சுற்றிப் பார்த்த பிறகே அடுத்த அடி வைக்கிறேன்.

அப்புறம், பூவைப் பறிக்காதீர்கள். 1988 முதல் இது அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. களைத் திசிலை ஒழிக்கட்டும் என்று பரப்பிய கூன்வண்டு இதன் விதையையும் தின்கிறது. மிஞ்சுவதை நாம் வேறு கொண்டுபோக வேண்டாம். களை பிடுங்கி உதவுகிறேன் என்றும் இறங்காதீர்கள். நாப்வீட் களையின் இளஞ்செடியும் சாம்பல் நிறம்தான், எளிதில் ஏமாந்துவிடுவோம்.

பிள்ளைகள் மணலில் ஓடி உருள வேண்டுமென்றால் ஸ்லீப்பிங் பேரில் அதற்கென்றே ஏறுமேடு ஒன்று இருக்கிறது. முதலில் அங்கே விட்டு அலுக்க வையுங்கள். செடி பார்க்க அப்புறம் கூட்டிப் போகலாம்.